கீழக்கரை பக்கம் வீடு வாங்குகிறோம்: எங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வேண்டுமா?

சேதுக்கரைக் காற்று:

வணக்கம். நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் திருப்புல்லாணி. அப்பா அம்மாவுக்காக ஊர்ப்பக்கமே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், கடலிலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். 9 சென்ட் இடம், அதில் பழைய மாடி வீடு, கிணறு, ஏழெட்டுத் தென்னை. விலை 42 லட்சம் பேசியிருக்கிறது. அதில் 20 லட்சம் வங்கிக் கடன்.

விற்பவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய தாய்மாமா பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி வைத்துக்கொண்டு விற்கிறார். பட்டா இன்னும் விற்பவரின் வாப்பா பெயரில்தான் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை என்று வந்தது. புரோக்கர், "நம்ம வக்கீல் எல்லாம் பார்த்துட்டாரு, பேப்பர் சுத்தம், அட்வான்ஸ் மட்டும் போட்டுவிடுங்க" என்கிறார். வங்கி வக்கீலும் எப்படியும் பார்ப்பாராம். இதற்கு மேலும் நான் ஒருவரை வைக்க வேண்டுமா? வைத்தால் எப்படித் தேர்ந்தெடுப்பது? அங்கே இல்லாமல் அவரிடம் எப்படி வேலை வாங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் கரை:

தம்பி, எங்கள் குடும்பத்தில் அப்பா காலத்திலிருந்து இடம் வாங்கி வருகிறோம். எல்லாமே பத்திர எழுத்தரை வைத்து முடித்ததுதான். ஊரில் விசாரித்தால் எது யாருடைய இடம் என்று தெரிந்துவிடும். வங்கி வக்கீலும் பார்க்கிறார் என்றால் அதற்கு மேல் செலவு எதற்கு? நல்ல எழுத்தராகப் பிடியுங்கள், போதும்.

பழைய குமாஸ்தா:

மண்டபம் கரை ஐயா சொல்வது ஒரு காலத்துக்குச் சரி. விற்பவர், வாங்குபவர், சாட்சி எல்லோரும் ஒரே ஊரில் இருந்த காலம் அது. இந்தத் தம்பியின் விஷயத்தில் விற்பவர் சிங்கப்பூர், வாங்குபவர் ஷார்ஜா, கையெழுத்துப் போடுவது தாய்மாமா. ஊர் விசாரணை மட்டும் இதைத் தாங்காது.

ராமநாதபுரத்தில் சிவில் வக்கீல்களிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்திர எழுத்தர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பதிவுத் துறை உரிமம் வாங்கியவர்கள், செக்குபந்தி (இடத்தின் நான்கு எல்லை விவரம்) எழுதுவதில் பல வக்கீல்களை விடத் தேர்ந்தவர்கள். ஆனால் விற்பவருக்கு விற்கும் பாத்தியதை இருக்கிறதா என்று ஆராய்ந்து பொறுப்பேற்றுச் சொல்வது அவர்கள் வேலை அல்ல. கொடுத்த விவரத்தை முறைப்படி பத்திரமாக்குவதுதான் அவர்கள் வேலை.

அடுத்து வங்கி வக்கீல். அவர் சட்டக் கருத்து எழுதுவது வங்கிக்கு, வங்கி போடும் 20 லட்சத்துக்கு. மீதி 22 லட்சம் உங்களுடையது தம்பி. அதைப் பற்றி யோசிக்க அங்கே யாரும் இல்லை. கடன் திரும்ப வருமா, அடமானம் நிற்குமா என்பதுதான் அவர் கேள்வி. வழிநடைப் பாதை தகராறு, பக்கத்து வீட்டுச் சுவர் ஒன்றரை அடி உள்ளே வந்திருப்பது, இடித்துக் கட்ட முடியுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் பார்வைக்கே வராது. புரோக்கர் கொண்டுவரும் வக்கீலைப் பற்றி ஒரு வரி போதும்: விற்றால்தான் புரோக்கருக்குக் கமிஷன், புரோக்கர் அனுப்பினால்தான் அவருக்கு அடுத்த வேலை.

"வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை" என்கிறீர்களே, எந்த எண்ணுக்குப் போட்டீர்கள்? யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) நில அளவை 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்தது. நம் மாவட்டத்தில் பல கிராமங்களில் அப்போது உட்பிரிவு எண்கள் மாறின. பழைய பத்திரம் பழைய எண்ணில் இருக்கும், நீங்கள் இன்றைய பட்டா எண்ணைப் போட்டுத் தேடினால் வெறுமையாகத்தான் வரும். இரண்டு எண்ணுக்கும், உட்பிரிவு இல்லாத தாய் எண்ணுக்கும் சேர்த்துப் போட வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகான பதிவுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

அப்படிப் போட்டாலும் வில்லங்கம் என்பது பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவுதான். நடந்துகொண்டிருக்கும் வழக்கு, பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுகள் யார் யார், அரசு உரிமை கோருகிறதா, இதெல்லாம் அதில் ஏறாது. வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எனவே உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள். அவருக்குக் கொடுக்கும் பீஸ் இந்த 42 லட்சத்தில் ஒரு சிறு துளி.

சேதுக்கரைக் காற்று:

ஐயா, இன்றைய பட்டா எண்ணைத்தான் போட்டேன். பழைய எண் ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 1983-ல் விற்பவரின் வாப்பா வாங்கிய பத்திரத்தின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. அதில் எண் வேறாக இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

லண்டனில் ஒரு தொண்டிக்காரர்:

இங்கே இங்கிலாந்தில் வீடு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே விற்பவருக்கு ஒரு சொலிசிட்டர், வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர் என்று தனித்தனியாக இருப்பதுதான் வழக்கம். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பதற்குத் தொழில் விதிகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. சொலிசிட்டருக்குப் பதிலாக உரிமம் பெற்ற கன்வேயன்சரையும் (சொத்து மாற்ற வேலையை மட்டும் செய்பவர்) வைத்துக்கொள்ளலாம். வீட்டைப் பற்றிய தேடல்களை, அதாவது உள்ளாட்சியில் என்ன திட்டம் இருக்கிறது, வடிகால் எப்படி என்பதை எல்லாம் என் சொலிசிட்டரே எழுதிக் கேட்டு வாங்கினார். பணமும் அவருடைய தனி வாடிக்கையாளர் கணக்கு வழியாகத்தான் போகும். ஒப்பந்தம் மாற்றிக்கொள்ளும் நாள் வரை இரண்டு தரப்பும் விலகிக்கொள்ளலாம். அந்த நாளில்தான் முன்பணம் கைமாறும், வழக்கமாக 10 சதவீதம்.

ஆனால் இதை விடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அந்த உரிமைக்கு அரசு உத்தரவாதம். பதிவேட்டில் பிழை நேர்ந்து நட்டம் வந்தால் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. நம் ஊரில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம் மட்டும்தான், உரிமைக்கு அரசு உத்தரவாதம் கொடுப்பதில்லை. இவ்வளவு பாதுகாப்பு இருக்கும் ஊரிலேயே தனி வக்கீல் வைக்கிறார்கள். உத்தரவாதமே இல்லாத நம் ஊரில் அது இன்னும் அவசியம் இல்லையா? அட்வான்ஸை இப்போது கொடுக்காதீர்கள் தம்பி.

வழக்காடி:

நான் இந்த மாவட்டத்தில் சிவில் பக்கம் தொழில் செய்கிறேன். இங்கே யாரும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம், எப்படித் தேர்வது என்று மட்டும் சொல்கிறேன்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே இணையத்தில் "முதலிடம்" என்று வரும் பட்டியலை ஒதுக்கிவிடுங்கள். ராமநாதபுரம் நீதிமன்றத்தில் உரிமை வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு நடத்துபவர்கள் யார் என்று விசாரியுங்கள். நிலத் தகராறு எங்கே வெடிக்கும் என்று வழக்கு நடத்தியவருக்குத்தான் தெரியும். கிரிமினல் பக்கம் கெட்டிக்காரராக இருப்பவர் இதற்குப் பொருந்த மாட்டார். சென்னையில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கருத்து எழுதிப் பழகியவருக்கும் நம் ஊர் மண் புதிது. ஜமீன் நிலமாக இருந்து 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் ரயத்துவாரியாக (நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேராக வரி கட்டும் முறை) மாறியவை, இனாம் நிலங்கள், தேவஸ்தான நிலங்கள், வக்ஃபு நிலங்கள், ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு, கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) எல்லாம் ஒரே வருவாய்க் கிராமத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இடம் இது. திருப்புல்லாணி, சேதுக்கரை பக்கம் கோயில் நிலமா என்ற கேள்வியைக் கேட்காமல் ஒரு சென்ட் கூட வாங்கக் கூடாது. அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அதுதான்.

முதல் சந்திப்பில் இவற்றை நேராகக் கேளுங்கள். பார் கவுன்சில் பதிவு எண் என்ன? விற்பவருக்கோ புரோக்கருக்கோ இந்தச் சொத்து சம்பந்தமாக ஏற்கெனவே வேலை செய்திருக்கிறீர்களா? (ஒரு விஷயத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யக் கூடாது என்பது விதி.) கருத்தை எழுத்தில், என் பெயருக்கு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவீர்களா? கிரையப் பத்திர வரைவை நீங்கள் எழுதுவீர்களா, அல்லது எழுத்தர் எழுதியதைச் சரிபார்ப்பீர்களா? இடத்தை நேரில் வந்து பார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் வேறு ஆள் பாருங்கள்.

பீஸ் எவ்வளவு என்பதையும் எதற்கு எதற்கு என்பதையும் முதலிலேயே பேசுங்கள். ஆவண ஆய்வும் கருத்தும் ஒரு தொகை. நகல், வில்லங்கம், தேடுதல் கட்டணங்கள் தனி, ரசீதோடு. பத்திர வரைவும் பதிவு நாளும் இன்னொரு தொகை. விலையில் இத்தனை சதவீதம் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். வியாபாரம் முடிந்தால்தான் பணம் என்று ஆகிவிட்டால், "வாங்காதீர்கள்" என்று சொல்ல அவருக்கு மனம் வராது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீங்கள் அவரை வைக்கிறீர்கள்.

கீழக்கரை லாத்தா:

தம்பி, வக்கீல் சொன்னதெல்லாம் சரி. எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழக்கரையில் வீட்டைப் பெண் மக்களுக்குக் கொடுப்பது வழக்கம். பட்டா வாப்பா பெயரில் இருக்கும், வீடு மகளுடையது என்று ஊருக்கே தெரியும், காகிதத்தில் ஒன்றும் இருக்காது. முஸ்லிம் சட்டத்தில் ஹிபா எனும் கொடையை வாய்மொழியாகவே கொடுக்கலாம். கொடுக்கிறேன் என்று சொல்லி, வாங்குகிறேன் என்று ஏற்று, சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டால் அது செல்லும். வில்லங்கத்தில் ஒரு வரி கூட வராது. அதனால் அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், மின் இணைப்பு யார் பெயரில், வீட்டு வரி யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வக்கீல் பெண்களிடமும் பேச வேண்டும். வீட்டு விஷயத்தில் ஆண்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவார்கள், பாத்தியதை உள்ள பெண் உள்ளே இருப்பாள்.

இன்னொன்று, விற்பவர் ஒரே பிள்ளையா? உம்மா இருக்கிறார்களா? அக்கா தங்கை உண்டா?

சேதுக்கரைக் காற்று:

லாத்தா, உம்மா இருக்கிறார்கள். ஒரு தங்கை, கட்டிக்கொடுத்தாயிற்று. இன்னொரு மகன் இருந்து இறந்துவிட்டார் என்று புரோக்கர் சொன்னார். "அவருக்குப் பங்கு கிடையாது, அதெல்லாம் ஷரீஅத்படி வராது" என்றார். பவர் கொடுத்திருப்பது சிங்கப்பூர்க்காரர் மட்டும்தான்.

கீழக்கரை லாத்தா:

அந்த மகன் எப்போது இறந்தார்? வாப்பாவுக்கு முன்பா, பின்பா? இதைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மற்ற பேச்சு.

தங்கச்சிமடத்தான்:

வாரிசு விஷயத்தை அவர்கள் பார்க்கட்டும். நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன்.

350 மீட்டர் என்றால் சி.ஆர்.இசட். எல்லைக்குள். உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் கோடு) நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை அந்தக் கிராமப்புறத்தை இரண்டாகப் பிரித்து, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள இடத்தில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 200 மீட்டர் என்று வைத்தது. உங்கள் வீடு அதைத் தாண்டி இருந்தாலும், இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று நினைத்தால் அனுமதி வேண்டும். பக்கத்தில் கழி (கடல்நீர் உள்ளே வந்து போகும் ஓடை) ஓடினால் அதன் கரைக்கும் தனிக் கணக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதிகாரிகள் கண் எப்போதும் இருக்கும்.

பல வக்கீல்கள் கருத்தில் உரிமையை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். "சர்வே எண் கடலோர மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது, இருக்கிற வீட்டுக்கு ஊராட்சி அனுமதி இருக்கிறதா" என்று நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் தீவுப் பக்கம், பாம்பன், ராமேஸ்வரம் எல்லாம் இது இல்லாமல் பேச்சே இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் மனை என்று யாராவது காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1964 புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊர் அது.

சொல்ல மறந்துவிடுவேன்: கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். அது வக்கீல் வேலை இல்லை, ஆனாலும் பாருங்கள்.

நெய்தல் நிலா:

நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்ப்பவள். வங்கி வக்கீல் பற்றிப் பழைய குமாஸ்தா ஐயா எழுதியது முழுக்க உண்மை. அந்தக் கருத்து வங்கியின் கோப்புக்கானது.

அண்ணா, நீங்கள் வெளிநாட்டில் வசிப்பதால் ஒரு விஷயம் சேர்கிறது. என்.ஆர்.ஐ. ஒருவர் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அன்னியச் செலாவணி மேலாண்மை விதிகள் இடம் தரவில்லை. 9 சென்ட்டில் வீடு இருக்கிறது, ஆனால் பட்டாவில் அந்த இடம் நத்தமா, புஞ்சையா? புஞ்சை என்றால் உங்கள் பெயரில் வாங்குவதா, இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் பெயரில் வாங்குவதா என்று வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும். சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது.

தூரத்தில் இருந்துகொண்டு வக்கீலோடு வேலை பார்ப்பது பற்றி: எதையும் வாய்ஸ் மெசேஜில் முடிக்காதீர்கள். கேள்விகளை எண் போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிலும் அதிலேயே கேளுங்கள். ஆவணங்களைக் கொடுக்கும்போது என்ன கொடுத்தீர்கள், அசலா நகலா என்று ஒரு பட்டியல் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அசல் பத்திரத்தை விற்பவர் காட்டும்போது வக்கீல் அதைச் சார்பதிவாளர் அலுவலகச் சான்று நகலோடு பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். கலர் ஜெராக்ஸை அசல் என்று காட்டி ஏமாற்றுவது நடக்கிறது. அப்பாவை ஒரு முறை நேரில் போய் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டால் விஷயம் தள்ளிப் போகாது.

சேதுக்கரைக் காற்று:

எல்லோருக்கும் நன்றி. ராமநாதபுரத்தில் ஒரு சிவில் வக்கீலை அப்பா போய்ப் பார்த்து, பீஸ் பேசி, எழுத்தில் வாங்கியாயிற்று. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. புரோக்கர் தினமும் கூப்பிட்டு வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்கிறார்.

வக்கீலின் முதல் குறிப்பு வந்திருக்கிறது. பழைய எண்ணுக்கு வில்லங்கம் போட்டதில் 2006-ல் ஓர் அடமானம் வந்தது. கடனை அடைத்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருப்பதால் அதில் பிரச்சினை இல்லையாம். இடம் கோயில் நிலமோ வக்ஃபோ இல்லை, நத்தம். ஆனால் வாரிசு விஷயத்தில் நிறுத்திவிட்டார். வாப்பா இறந்தது 2011, அந்த இன்னொரு மகன் இறந்தது 2019. அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஓர் ஆண், ஒரு பெண், இருவரும் மைனர். விற்பவர் காட்டிய வாரிசுச் சான்றில் இவர்கள் யாருமே இல்லை. "இவர்கள் இல்லாமல் கிரையம் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். புரோக்கர் சொன்னதற்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வழக்காடி:

உங்கள் வக்கீல் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். புரோக்கர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். முஸ்லிம் வாரிசுரிமையில், தகப்பனுக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு, வேறு மகன் உயிரோடு இருந்தால், பாட்டனார் சொத்தில் பங்கு வராது. அந்த மகன் 2010-ல் இறந்திருந்தால் புரோக்கர் சொன்னது சரி. ஆனால் அவர் இறந்தது 2019. 2011-ல் வாப்பா கண்ணை மூடிய அந்த நிமிடமே அவருடைய பங்கு அவருக்கு வந்துவிட்டது. அது அவர் இறந்தபோது அவருடைய வாரிசுகளுக்கு இறங்கியது. இரண்டு இறப்புச் சான்றுகளின் தேதிதான் இங்கே எல்லாம்.

கணக்கு இப்படி வரும். வாப்பாவின் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்தால் ஒவ்வொரு மகனுக்கும் 20-ல் 7 பங்கு. இறந்த மகனின் அந்தப் பங்கில் அவருடைய உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. ஆக மொத்த வீட்டில் கால் பங்குக்குச் சற்றே குறைவாக அந்த இரண்டு மைனர்களுடையது. சிங்கப்பூர்க்காரர் தன் பவர் மூலம் விற்கக் கூடியது அவருடைய 20-ல் 7 மட்டும்தான். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

குடும்பத்துக்குக் குடும்பம் சட்டம் மாறும். இந்துக் குடும்பமாக இருந்தால் முன்பே இறந்த மகனின் பிள்ளைகளும் வாரிசுதான், மகள்களின் உரிமையில் 2005 திருத்தத்தையும் பார்க்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம். இந்த மூன்றும் நம் கடற்கரையில் ஒரே தெருவில் இருக்கும்.

மண்டபம் கரை:

சரி, பிள்ளைகளின் தாயார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது அல்லவா? தாய்தானே கார்டியன்?

வழக்காடி:

முஸ்லிம் சட்டத்தில் மைனரின் அசையாச் சொத்துக்குத் தாய் இயல்பான காப்பாளர் அல்ல ஐயா. தகப்பன், அவர் உயிலில் நியமித்தவர், பாட்டனார், அவர் நியமித்தவர் என்றுதான் வரிசை. இங்கே தகப்பனும் இல்லை, பாட்டனாரும் இல்லை. தாய் தானாகக் கையெழுத்துப் போட்டு மைனர் பங்கை விற்றால் அது செல்லாது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, விற்க அனுமதியும் வாங்க வேண்டும். பிள்ளைகளின் நலனுக்கு என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டால், அவர்கள் பங்குப் பணத்தை அவர்கள் பெயரில் வங்கியில் போடச் சொல்லும். இந்துக் குடும்பத்திலும் மைனர் சொத்தை விற்க, 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, முன் அனுமதி வேண்டும்.

கீழக்கரை லாத்தா:

தம்பி, இதைச் சட்டச் சிக்கலாக மட்டும் பார்க்காதீர்கள். அது யத்தீம் பிள்ளைகளின், தகப்பனை இழந்த பிள்ளைகளின் பங்கு. அந்தத் தாயிடம் இந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்பதே தெரியவில்லை. உங்கள் வக்கீல் தடுத்ததால்தான் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. வீடு பிடித்திருந்தால் காத்திருந்து, எல்லோரையும் சேர்த்து வாங்குங்கள்.

சேதுக்கரைக் காற்று:

லாத்தா, நீங்கள் சொன்னது மனதில் பட்டது. அப்பாவும் அதைத்தான் சொன்னார். வக்கீல் மூலம் விற்பவருக்கு எழுதிவிட்டோம். உம்மா, தங்கை, இறந்தவரின் மனைவி எல்லோரும் சேர வேண்டும், புது வாரிசுச் சான்று வேண்டும், மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், அதுவரை முன்பணம் இல்லை. சிங்கப்பூர்க்காரர் நேராகவே போன் செய்தார். அவருக்கே இந்தக் கணக்கு தெரியாதாம், அண்ணன் பிள்ளைகளுக்கு முறையாகப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டார். புரோக்கர் இப்போது கூப்பிடுவதில்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. சிங்கப்பூரிலிருந்து வந்த பவரில் வக்கீல் என்ன பார்ப்பார்? விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் வரி பிடிக்க வேண்டும் என்கிறார்களே, 42 லட்சம்தானே, 50 லட்சத்துக்கு மேல்தான் என்று கேள்விப்பட்டேன்.

நெய்தல் நிலா:

50 லட்சம் என்ற எல்லை, 1 சதவீதம் என்ற கணக்கு இரண்டுமே இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கு. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது அந்த எல்லை கிடையாது, விகிதமும் வேறு, அதிகம். பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது, கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். சிங்கப்பூர்க்காரர் வருமான வரி அலுவலகத்தில் விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்துக்கான சான்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நாள் பிடிக்கும், நீதிமன்ற அனுமதிக்குக் காத்திருக்கும்போதே அவரைத் தொடங்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இருக்கும் உம்மா, தங்கை பங்குக்கு இது பொருந்தாது. எனவே யாருக்கு எவ்வளவு பணம் என்பதைப் பத்திரத்திலேயே தனித்தனியாக எழுதி, அவரவர் கணக்கில் போடுங்கள். வக்கீலும் ஆடிட்டரும் ஒரு முறை சேர்ந்து பேசிவிடுவது நல்லது.

பழைய குமாஸ்தா:

பவர் பற்றி. இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ கையெழுத்துச் சான்றாகியிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். உள்ளே விற்க, பத்திரம் எழுதிக் கொடுக்க, பணம் வாங்க என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். பணம் வாங்க அதிகாரம் இல்லாத பவர்கள் நிறைய உண்டு. கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செத்துவிடும். அதனால் பதிவு நாளுக்கு முன் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் கேட்பார்கள். முடிந்தால் அவரையே ஒரு விடுமுறையில் வரச்சொல்லி நேரில் கையெழுத்து வாங்குங்கள், இவ்வளவும் மிச்சம்.

பதிவுச் செலவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இப்போதே ஒதுக்கி வையுங்கள். பதிவுக்கு முதல் நாள் வில்லங்கத்தை மறுபடி ஒரு முறை, பழைய எண் புதிய எண் இரண்டுக்கும் போடச் சொல்லுங்கள். முதல் கருத்து வந்ததற்கும் அன்றைக்கும் இடையில் யாராவது வேறு ஒப்பந்தம் பதிந்திருக்கலாம். 1983 பத்திரத்தின் அசல், அடமான ரசீதின் அசல், நீதிமன்ற உத்தரவின் சான்று நகல், இரண்டு இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, கடைசி வீட்டு வரி ரசீது எல்லாம் கிரையப் பத்திரத்தின் இணைப்புப் பட்டியலில் பெயர் சொல்லி ஏற வேண்டும். வங்கி அசல்களை வாங்கிக்கொள்ளும், அதற்கு முன் அப்பா எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளட்டும். பட்டா மாறுதல் மனுவை வக்கீலின் வேலைப் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள். பதிவு முடிந்த பிறகு கேட்டால் எல்லோரும் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள்.